மலைமேல் யாருடைய கால்கள்?
அண்ணாமலை, நவிரமலை, ஜவ்வாது: நடையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

திருவண்ணாமலையின் தலபுராணம் மலையேற்றம் பற்றிய ஒரு பொய்ச் சாட்சியில் தொடங்குகிறது. அடியைத் தேடிப் பன்றியாகப் பூமியைத் துளைத்துப் போன விஷ்ணு தோற்றுத் திரும்பி, தோற்றதை ஒப்புக்கொண்டார். முடியைத் தேடி அன்னமாகப் பறந்த பிரம்மாவுக்கு ஒப்புக்கொள்ள மனசில்லை. மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குப் பிடித்து ‘உச்சியைப் பார்த்தேன்’ என்றார். பொய் பிடிபட்டது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது. தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாததாயிற்று.

ஆணவத்தை அடக்கும் கதை என்றுதான் இதை நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். நாம் இதை உச்சி என்பதைப் பற்றிய கதையாகவும் வாசிக்கலாம். உச்சியைத் தொட்டேன் என்று சொல்கிறவனுக்குச் சாட்சி தேவைப்படுகிறது. சாட்சியைத் தயார் செய்யவும் முடிகிறது. இன்றைக்கு மலை ஓட்டக்காரரின் கைக்கடிகாரம் செயற்கைக்கோளோடு பேசி, ஏறிய உயரத்தை மீட்டர் கணக்கில் பதிவு செய்து ஊருக்குச் சொல்கிறதே, அதுவும் ஒருவகைத் தாழம்பூதான். பொய் சொல்லாத தாழம்பூ என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையின் கேள்வி உச்சியைப் பற்றியதல்ல. மலைமேல் கால் வைத்தவர்கள் யார், அவர்களில் யாருடைய நடை ‘நடை’ என்று கணக்கில் ஏறியது, யாருடைய நடை வெறும் வேலையாக, சில நேரம் குற்றமாக எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. ட்ரெக்கிங், ஹைக்கிங், ட்ரெயில் ரன்னிங் என்று புதுப் பெயர்களோடு மலைப்பாதைகள் நடுத்தர வர்க்கத்தின் வாரக்கடைசிக்குள் வந்துவிட்ட காலத்தில், இதைத் திருவண்ணாமலையிலிருந்தே கேட்பது பொருத்தமாக இருக்கும் என்று படுகிறது.

2

மலை 2668 அடி. அதன் சமயப் பொருள், மலையே லிங்கம் என்பது. லிங்கத்தின் மேல் கால் வைக்கலாமா? கூடாது. அதனால் சுற்று. பதினாலு கிலோமீட்டர், எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம், செருப்பில்லாத கால், வலப்பக்கம் மலை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம். ஏறுவதற்குப் பதில் சுற்றுவது என்பது ஒருவகையில் பிரம்மாவின் தோல்வியிலிருந்து கற்ற பாடம். அளக்க முடியாததைச் சுற்றி வரலாம்.

ஆனால் ஒரு சின்னச் சிக்கல். கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரை உச்சிக்குப் போயாக வேண்டும். ஆள் உயரக் கொப்பரை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், மூட்டை மூட்டையாகத் திரித்துணி. இவை தாமாக ஏறுவதில்லை. தோளில் கட்டித் தூக்கிக்கொண்டு, பாறையில் காலை ஊன்றி, ஒருவரை ஒருவர் உரக்க அதட்டிக்கொண்டு சிலர் ஏற்றுகிறார்கள். தீபத்தை ஏற்றுகிற உரிமை பர்வதராஜகுலத்தார் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் மீனவச் சமூகத்தாருடையது. மலைமேல் கால் வைக்கக் கூடாது என்ற விதி வழிபடுகிற உடலுக்குத்தான். சுமக்கிற உடலுக்கு விதிவிலக்கு உண்டு. அல்லது, சுமக்கிற உடல் கால் வைப்பது கால் வைப்பதாகவே எண்ணப்படுவதில்லை.

மலைச்சரிவில் மஞ்சம்புல் அறுத்து, சுள்ளி பொறுக்கி, அதை விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு ஆயாவோடு பல வருஷம் முன்பு பேசிக்கொண்டிருந்தேன். கிரிவலப் பாதையோரம் அப்போது வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தது. “கோழி கூவசொல்ல ஏறுவோம் தம்பி, வெயில் ஏறசொல்ல கட்டோட எறங்கிடுவோம். சாமி மேல கால வைக்கிறியேன்னு ஒரு பெரியவரு கேட்டாரு ஒருநா. நீ துன்ற சோறு எதுல வெந்துச்சின்னு கேட்டேன், போய்ட்டாரு” என்றது. எத்தனை தடவை ஏறியிருப்பீங்க ஆயா என்று கேட்டதற்குச் சிரித்தது. “அதெல்லாம் யாரு எண்ணிக்கினு இருந்தா?”

எண்ணாத நடை. நமக்கு வேண்டிய சொல் இதுவாக இருக்கலாம். மிஷெல் த செர்த்தோ 1980-ல் வந்த தம் நூலில் நகரத்தை இரண்டு விதமாகப் பிரித்துப் பார்த்தார். நியூயார்க்கின் உலக வணிக மையத்தின் 110-ஆம் மாடியிலிருந்து ஒரே பார்வையில் வாசிக்கப்படும் நகரம் ஒன்று. கீழே தெருவில் நடப்பவர்கள், தாமே வாசிக்க முடியாமல், கால்களால் எழுதிப் போகும் நகரம் இன்னொன்று. மேலிருந்து பார்ப்பது அதிகாரத்தின் உத்தி. கீழே நடப்பது இல்லாதவர்களின் தந்திரம். அவர் சொன்னது நகரத்துக்கு. மலையில் இது புரண்டுவிடுகிறது. இங்கே மேலே ஏறுகிற கால்களே பல நேரம் இல்லாதவர்களின் கால்கள். அவர்கள் உச்சிவரை போனாலும் ‘காட்சி’ அவர்களுக்கு வாய்ப்பதில்லை. முதுகில் கட்டு இருக்கிறது, பார்வை அடுத்த கல்லின்மேல் இருக்கிறது.

3

மலைமுகட்டு வழியைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய பிரதி இருக்கிறது. அதை யாரும் அப்படி வாசிப்பதில்லை. மலைபடுகடாம். உ.வே.சாமிநாதையர் 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மா நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம், திருவண்ணாமலையிலிருந்து மேற்கே பேருந்தில் ஒரு மணி நேரம். பாட்டில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஓடும் சேயாறு நம் செய்யாறு.

தமிழாசிரியர்கள் இதை வள்ளல் புகழாகவும், இயற்கை வருணனையாகவும் நடத்துவார்கள். ஆற்றுப்படை என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் இது வழி சொல்கிற பாட்டு. பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன், பசியோடு எதிரே வருகிற கூத்தர் குடும்பத்துக்கு மலைவழியைச் சொல்லிக் கொடுக்கிறான். எவ்வளவு நுணுக்கமாக! பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே இருக்கும். பாம்பு ஒடுங்கிய குழி எப்படித் தெரியும். தினைப்புனக் காவல்காரர் யானைக்கு எறிகிற கவண்கல் வரும்போது மரத்தின் பின்னால் எப்படி ஒதுங்குவது. பாசி வழுக்கும் பாறையில் எந்தக் கொடியைப் பிடித்துக்கொள்வது. இரவானால் நடக்காமல் குகையில் தங்குவது. வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தப்பும் என்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. குறவரே வழி மயங்குகிற இடத்தில் மாட்டிக்கொண்டால் அகலமான பாறையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து வாத்தியத்தை வாசியுங்கள், சத்தம் கேட்டுக் கானவர் வந்து கூட்டிப்போவார்கள் என்கிறான். பெண்களின் கால்கள் கல்லில் பட்டு நைந்திருப்பதையும் பாட்டு மறக்கவில்லை.

எல்லாவற்றையும்விட ஒரு குறிப்பு. பாதை கவைபடும் இடத்தில், தவறான கிளையில் போகாதபடி, புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்கிறான். பின்னால் வருகிறவர்கள் அந்த இடத்துக்குப் புதியவர்கள். இன்று மலை ஓட்டப் போட்டிகளில் கிளைகளில் கலர் ரிப்பன் கட்டுகிறார்களே, அதே வேலைதான். ரிப்பனைக் கட்டுபவர் அமைப்பாளர். புல்லை முடிபவன் சக நடையாளி. இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஐரோப்பியர்கள் மலையேற்றத்தின் வரலாற்றைப் பெட்ரார்க்கில் தொடங்குவது வழக்கம். 1336 ஏப்ரலில் தம்பியோடு வென்தூ மலையில் ஏறினார். உச்சியில் அகஸ்டினைத் திறந்து படித்தார். வெளியைப் பார்த்த கண் உள்ளே திரும்பியது. நவீன மனிதன் பிறந்தான். ஆனால் அவர் எழுதிய கடிதத்திலேயே இன்னொருத்தர் இருக்கிறார். அடிவாரத்தில் ஒரு கிழ இடையர். ஐம்பது வருஷம் முன்பு நானும் ஏறினேன், துணி கிழிந்ததும் உடம்பு நொந்ததும்தான் மிச்சம், போகாதே என்கிறார். ஆக, முதலில் ஏறியது அவர். வரலாறு இரண்டாவதாக ஏறியவரிடம் தொடங்குகிறது, ஏனென்றால் அவரிடம் புத்தகம் இருந்தது.

மலைபடுகடாத்தில் அந்த இடையரே பேசுகிறார் என்று சொன்னால் மிகையாகாது. வழி தெரிந்தவன் பேச்சே அங்கு பாட்டாகிறது. அதை ஏதோ பொற்காலமாக்கி விடவும் வேண்டாம். நன்னனின் மலை, அவனுடைய காவலர்கள், பரிசு தருபவன் அரசன், வாங்குபவன் கலைஞன். அதிகாரம் அங்கும் இருந்தது. ஆனால் வழியைப் பற்றிய அறிவு அரசனிடம் இல்லை, நடந்தவனிடம் இருந்தது. அது கையிலிருந்து கைக்கு இலவசமாகப் போயிற்று.

இன்றும் பர்வதமலைக்குத் தென்மாதிமங்கலம் பக்கமிருந்தோ, கடலாடி பக்கமிருந்தோ ஏறுகிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். கடைசியில் செங்குத்துப் பாறையில் இரும்பு அறைந்து வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் வைத்த பெயர் கடப்பாறை நெட்டு. சங்கிலியைப் பிடித்து, அடுத்த இரும்பில் காலை வைத்து, மேலே இருப்பவர் கை கொடுக்க ஏற வேண்டும். எட்டு மாசப் பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிய பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். விளையாட்டு ஷூக்காரர் ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “பயப்படாத சார், கீழ பாக்காத” என்று அந்த அம்மாதான் அவருக்குத் தைரியம் சொன்னது. கூத்தன் சொன்னதும் அதேதான்.

4

நடையின் வரலாற்றில் அடுத்து வருவது ஓட்டம். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில், தொறு கவர்ந்தபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவைச் சொல்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு மலையிடுக்கில் ஓடியவனும் துரத்தி ஓடியவனும் இங்கே கல்லாக நிற்கிறார்கள். ஓட்டம் அப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

செங்கம் கணவாய் பாராமகாலுக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் நடுவிலிருந்த வாசல். 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை ஹைதர் அலி, நிஜாம் படைகளோடு மோதியது. படை நடந்த வழி பிறகு தபால் நடந்த வழியாயிற்று. ஈட்டியும் சலங்கையும் தீவட்டியுமாக இரவில் பையைச் சுமந்து ஓடிய தப்பால்காரர்கள் கம்பெனி ஆட்சியின் கால்கள். ‘ட்ரெயில் ரன்னர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் வரலாற்றில் ஆள் தேடினால் முதலில் கிடைப்பவர்கள் இவர்கள்தாம். நேரம் தவறினால் இவர்களுக்குப் பதக்கம் போகாது, கூலி போகும்.

பிறகு அளவை. 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவை, தென்னாட்டு மலையுச்சிகளையும் கோபுரங்களையும் புள்ளிகளாக்கியது. உச்சி என்பது இனிப் பார்வைக்கான இடம். கருவியைத் தோளில் சுமந்து ஏறிய கூலிகளின் பெயர் வரைபடத்தில் இல்லை. செர்த்தோவின் 110-ஆம் மாடி இங்கே அப்போதே கட்டப்பட்டுவிட்டது.

வரைபடத்துக்குப் பின்னால் சட்டம். 1882-ன் சென்னை வனச் சட்டம், காப்புக்காடு என்ற ஒன்றை உருவாக்கியது. அறிவிப்பு வந்த நாள் முதல் நேற்றுவரை நடந்த வழியில் நடப்பது அத்துமீறல். புல் அறுப்பது, சுள்ளி ஒடிப்பது, ஆடு மேய்ப்பது குற்றம், அல்லது சலுகை. உரிமை என்பது சலுகையாக மாறுகிற இந்த இடம் முக்கியமானது. சலுகையைத் தருபவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தருவதற்கும் எடுப்பதற்கும் நடுவில் மாமூல் என்று ஒன்று முளைக்கும். அதைப் பற்றி ஆயாக்களிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

அண்ணாமலையின் விஷயத்தில் இது ஒரு விசித்திரமான வழக்காகவே வந்தது. மலை யாருக்குச் சொந்தம், அரசுக்கா கோயிலுக்கா என்று 1930-களில் வழக்கு நடந்தது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி ஊருக்கு வந்து, 1899 முதல் 1922 வரை விருபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலுமாக மலைமேலேயே வாழ்ந்த ரமணரிடம் 1938-ல் சாட்சியம் பெறப்பட்டது. மலையே லிங்கம், ஆகவே கோயிலுக்குரியது என்பது அதன் சாரம். மலையை அங்குலம் அங்குலமாக அறிந்த கால்கள் அவருடையவை. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வழக்கின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். வாதி, பிரதிவாதி இருவருமே உடைமையாளர்கள். புல்லறுத்தவர்களும் விறகெடுத்தவர்களும் அந்த வழக்கில் கட்சியாக இல்லை. சொத்து என்ற மொழியில் பேச்சு தொடங்கியதும் புழங்குகிறவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

5

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் இன்னொரு மலை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலம். ஆலைத் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்க இடமில்லை. நிலம் பிரபுக்களின் பறவை வேட்டைக்கானது. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான இளைஞர்கள், பென்னி ராத்மன் என்ற இருபது வயதுக் கம்யூனிஸ்ட் முன்னே நிற்க, பாட்டுப் பாடிக்கொண்டு வேலியைத் தாண்டி ஏறினார்கள். காவல்காரர்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. பதினேழு வருஷம் கழித்து, 1949-ல், தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நிலத்தில் நுழைவுரிமைக்குமான சட்டம் வந்தது. ஹைக்கிங் என்பது அங்கே ஒரு வர்க்கப் போராட்டத்தின் பெயராக இருந்தது என்பதை நம் இளம் மலையேற்றக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் லெட்வில் என்ற ஊரில் நூறு மைல் மலை ஓட்டப் போட்டி. 1993-ல் அதில் வென்றவர் விக்டோரியானோ சூரோ, ஐம்பத்தைந்து வயது, மெக்ஸிகோவின் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி பழங்குடி. காலில் டயர் ரப்பரை வெட்டிக் கட்டிய செருப்பு. நம்ம ஊர் டயர் செருப்புக்கு அண்ணன். உலகம் வியந்தது. அந்த வியப்பு பிறகு செருப்புக் கம்பெனிகளுக்கும் புத்தகங்களுக்கும் சரக்காயிற்று. ராராமுரிகள் காட்டை மர வியாபாரிகளிடமும் போதைக் கும்பல்களிடமும் இழந்துகொண்டிருந்தது அந்த வியப்புக்குள் வரவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன்? நம்மிடமும் அப்படிப்பட்ட கால்கள் இருக்கின்றன. திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலை. மலையாளிப் பழங்குடிகள் வாழும் ஊர்கள். தேனும் சாமையும். அங்கே பிறந்தவர்களுக்குச் சரிவில் ஓடுவது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அல்ல. வாரக்கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அந்த மண்பாதைகளில் ஓட வருகிறார்கள். முதுகில் தண்ணீர்ப் பை, காலில் பல்லாயிரம் ரூபாய் ஷூ. வரட்டும். ஓடுவது நல்ல காரியம். ஆனால் அதே பாதைகளில் பிறந்த கால்களைச் சந்தை வேறு ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டது. செம்மரம். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் இரவில் மரத்தை வெட்டி, கட்டையைத் தோளில் வைத்து, பாதையே இல்லாத மலைமுகடுகள் வழியாக மைல்கணக்கில் சுமந்து இறக்க வேண்டும். அதற்கு ஜவ்வாது மலைக்காரர்களையும் அடிவாரத்து ஏழைகளையும் போல ஆள் கிடையாது என்று தரகர்களுக்குத் தெரியும்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டு 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். மரத்தை வாங்கிக் கப்பலேற்றுகிறவன் அன்று அந்தக் காட்டில் இல்லை. இந்த மாவட்டத்தின் மலையோட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த இருபது பேரை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்? ஒரே தசை, ஒரே மூச்சு, ஒரே இரவு நடை. ஒருவருக்கு அது சாதனை, இன்னொருவருக்கு அது சாவு. வித்தியாசத்தை உண்டாக்குவது உடல் அல்ல. உடல் எந்தச் சொல்லாடலுக்குள் நிறுத்தப்படுகிறது என்பதுதான்.

தட்டையான ஊர்த்தெருவிலும் இதே கேள்வி இருப்பதை மறக்க முடியாது. இதே மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, போலீஸ் பாதுகாப்போடு. மலை உச்சிக்கு ஏறுவதைவிட அந்த வாசற்படி ஏறுவது கஷ்டமாக இருந்திருக்கிறது.

6

சரி, அப்படியானால் மலையை எல்லோருக்கும் திறந்துவிடு என்று கோஷம் போட்டுவிடலாமா? கிண்டர் ஸ்கௌட்டின் பாடத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியவில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை எதிர்கொள்ளாமல் போவது நேர்மையாகாது.

முதல் காரணம் நெருப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் சிக்கி 23 பேர் செத்தார்கள். அதே வருஷம் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. அண்ணாமலையும் கோடையில் புல் காய்ந்து எரிகிற மலைதான். மொட்டையாகிவிட்டிருந்த சரிவுகளில் 1980-களின் கடைசியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் சேர்ந்து மரம் நட்டு வளர்த்ததையும், ஒரு தீக்குச்சியில் வருஷக்கணக்கான வேலை கருகியதையும் பார்த்தவர்களுக்கு, தடையை வெறும் அதிகாரம் என்று மட்டும் சொல்ல வாய் வராது.

இரண்டாவது காரணம் மலையே. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த நாள் மாலை, விடாத மழையில், அண்ணாமலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் இறங்கின. ஏழு பேர். அதில் ஐந்து குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்துக்கு, முன்பு அனுமதிச் சீட்டோடு ஏறிவந்த 2500 பக்தர்களையும் மலையேற அனுமதிக்கவில்லை. மண் ஈரம் குறையவில்லை, பாறைகள் இளகியிருக்கின்றன என்று வல்லுநர்கள் சொன்னார்கள். சரியான முடிவுதான். கொப்பரை மட்டும் மேலே போயிற்று. அதாவது, சுமப்பவர்கள் போனார்கள். ஆபத்து என்று சொல்லி எல்லோரையும் நிறுத்திய ஆண்டிலும், இளகிய பாறைமேல் நடந்தவை அதே கால்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலைமேல் வீடு கட்டி வாழ்கிற ஏழையை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் அடைப்பது சுலபம். நகரத்தில் மனை விலை ஏற ஏற, கிரிவலப் பாதை விடுதிகளும் மனைப்பிரிவுகளுமாக நிறைய நிறைய, கூலிக்காரனுக்கு மிஞ்சியது சரிவு. 2016-ல் கிரிவலப் பாதையை அகலமாக்க மரங்களை வெட்டியபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியிருந்தது. லட்சம் பேர் சுற்றுவதற்காக மலையடிவாரத்தை விரிக்கலாம். சரிவில் ஒரு குடிசை நின்றால் மலைக்குக் கெடுதல். இரண்டும் கெடுதல்தான். ஒன்றுக்கு மட்டும் நோட்டீஸ் சீக்கிரம் வருகிறது.

2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவோடு திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. இது தடையைவிட எவ்வளவோ மேல். வழிகாட்டும் அறிவுக்குக் கூலி கிடைக்கிறது. ஆனால் வழிகாட்டி என்பவர் அந்தத் திட்டத்தில் ஊழியர். பாதை எது, எப்போது மூடுவது, எத்தனை பேர், கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிற மேசையில் அவருக்கு நாற்காலி உண்டா? 2006-ன் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் நீதிமன்ற உத்தரவொன்றால் 2016 வரை பெரும்பாலும் முடங்கிக் கிடந்தது. பிறகும் மெல்லத்தான் நகர்கிறது. மலையேற்றக்காரர்களும் ஓட்டக்காரர்களும் தங்களுக்கு அனுமதி கேட்டு மனுக் கொடுக்கிறார்கள். அந்த மனுவில் இந்த ஒரு வரியையும் சேர்த்தால் என்ன? கிண்டரில் ஏறியவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல, நகரத்துத் தொழிலாளிகள். அவர்கள் கேட்டது நடக்கும் உரிமை. நம் சூழலில் கேட்க வேண்டியது அதற்கு முன்னால் வருகிற ஒன்று: ஏற்கனவே நடந்துகொண்டிருந்தவர்களின் நடையை உரிமை என்று எழுது.

நடைமுறையில் இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கோடையில் தீக்காவல் யார் பார்ப்பது என்றால், புல்லறுத்த குடும்பங்கள் பார்க்கட்டும், கூலி கொடுங்கள். காய்ந்த புல்லை முறை வைத்து அறுக்க விட்டால் தீக்கு இரை குறையும். எந்தப் பாறை அசையும், எந்த ஓடை மழைக்கு முதலில் திரும்பும் என்று அறிய வல்லுநர்கள் கருவியோடு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும்போது நாற்பது வருஷம் கட்டுச் சுமந்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும். சரிவிலிருந்து வீட்டை எடுக்கச் சொல்வதென்றால், பஸ் போகாத ஏதோ ஒரு பொட்டலில் அல்லாமல், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் மாற்று வீட்டைக் காட்டிவிட்டு எடுக்கச் சொல்லட்டும்.

ஆயா இப்போது இல்லை. அது ஏறிய வழி இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் அடிவாரம்வரை போனேன். முள்வேலி, எச்சரிக்கைப் பலகை, பலகைக்குப் பின்னால் இடுப்புயரப் புல். ஒற்றையடித்தடம் மூடிவிட்டிருந்தது. தடம் என்பது கால் போகிறவரைக்கும்தான். கூத்தனின் பாட்டில் புல்லை முடிந்து வைத்தது பின்னால் ஆள் வருகிறது என்ற நம்பிக்கையில். முன்னால் போனவர்களுடைய முடிச்சு எங்கே என்று தேடுவதை வருகிறவர்கள்தாம் தொடங்க வேண்டும். அது ஓட வருகிறவர்களானாலும் சரி, சுற்ற வருகிறவர்களானாலும் சரி.